ஓடு வேய்ந்த ஹார்ட் டிஸ்க்

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் மாட்ட 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பார்க்கிறேன். கொள்ளளவு ஒன்றுதான், சுழலும் வேகமும் ஒன்றுதான். ஆனால் ஒன்று மட்டும் மலிவாக இருக்கிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். 8 டெராபைட் வாங்கி மாட்டினால் விண்டோஸில் 7.27 என்றுதான் தெரியும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆகக் கணக்கிடுகிறது. டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. 2 டெராபைட்டைத் தாண்டிவிட்டால் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை உதவாது, புதிய ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் போடுங்கள். விண்டோஸ், சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். படங்களும் வீடியோக்களும் பெரிய டிஸ்க்குக்குப் போகட்டும்.

இனி விலை வித்தியாசம். அது பெரும்பாலும் தகவலை எழுதும் முறையில் இருக்கிறது.

சுழலும் தட்டின் மேல், அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முனை மிதந்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஒருவர் எழுதுபவர், மற்றவர் படிப்பவர். எழுதும் முனை ஒரு நுண்ணிய மின்காந்தம். தட்டில் உள்ள காந்தத் துகள்களை அது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புகிறது. நிறையத் தகவல் கொள்ள வேண்டுமென்றால் துகள்கள் சிறியதாக வேண்டும். ஆனால் மிகச் சிறிய துகளை அறையின் வெப்பமே புரட்டிவிடும், எழுதியது தானாக அழிந்துபோகும். அதனால் லேசில் புரளாத பிடிவாதக்காரப் பொருளைத் தட்டில் பூசுகிறார்கள். பிடிவாதக்காரரைத் திருப்ப வலுவான காந்தப் புலம் தேவை. எழுதும் முனையை ஒடுக்க ஒடுக்க அதன் புலம் பலவீனமாகிறது. ஆக, அது ஓர் அளவுக்கு மேல் ஒடுங்க முடியாது.

படிக்கும் முனைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எதையும் திருப்புவதில்லை. கீழே உள்ள காந்தத் திசைக்கு ஏற்ப அதன் மின்தடை மாறுகிறது, அதைக் கவனித்தால் போதும். இதன் வேர் 1988இல் இருக்கிறது. பிரான்சில் ஆல்பேர் ஃபேரும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும், இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்கள் தடிமனில் அடுக்கடுக்காக வைத்து ஆராய்ந்தபோது, காந்தப் புலத்தால் மின்தடை பெருமளவு மாறுவதைத் தனித்தனியே கண்டார்கள். 1997இல் அது ஐபிஎம்மின் ஹார்ட் டிஸ்க்குக்குள் வந்துவிட்டது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைய முனைகளில் இருப்பது அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு விளைவு. உலோகப் படலங்களை ஆராய்வதால் என்ன பயன் என்று கேட்டு அன்றே யாராவது நிதியை நிறுத்தியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொதுப் பணம் தாராளமாகப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

சரி, எழுதுபவர் அகலம், படிப்பவர் ஒல்லி. இதிலிருந்து பிறந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. தட்டில் தகவல் வட்ட வட்டமான தடங்களாக எழுதப்படுகிறது. முதல் தடத்தை அகலமாக எழுதுங்கள். அடுத்த தடத்தை அதன் மேல் பாதி ஏறும்படி எழுதுங்கள். அதற்கு மேல் இன்னொன்று. கூரையில் ஓடு வேய்வது போலத்தான். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு கீற்று மட்டும் வெளியே தெரியும். ஒல்லியான படிக்கும் முனைக்கு அந்தக் கீற்றே போதும்! அதே தட்டில் கூடுதல் தடங்கள் அடங்குகின்றன. இதற்குப் பெயர் எஸ்எம்ஆர், அதாவது ஓடு வேய்ந்தாற்போன்ற காந்தப் பதிவு. தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றாமல் தள்ளித் தள்ளி எழுதும் வழக்கமான முறை சிஎம்ஆர். ஒரே கொள்ளளவுக்கு எஸ்எம்ஆரில் குறைந்த தட்டுகளும் முனைகளும் போதும். மலிவு அங்கேதான் வருகிறது.

ஆனால் கூரையின் நடுவில் ஒரே ஓர் ஓடு மட்டும் மாற்றிப் பாருங்கள். அகலமான எழுதும் முனை பக்கத்துத் தடத்தையும் சேர்த்து அழித்துவிடும். எனவே தடங்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிறு மாற்றத்துக்கும் ஒரு கட்டு முழுவதையும் படித்து, திருத்தி, வரிசையாகத் திரும்ப எழுத வேண்டும். இதை மறைக்க, வருவதை முதலில் தட்டின் ஒரு தனிப் பகுதியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது டிஸ்க் தானே ஓடு வேய்கிறது. ஓய்வே தராவிட்டால் அந்தப் பகுதி நிரம்பிவிடும். ஒருமுறை என் பழைய புகைப்படங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். வேகமாகத் தொடங்கியது, பிறகு ஊர்ந்து, இரவு முழுக்க முடியவில்லை. டிஸ்க் பழுது என்றே நினைத்தேன். அது எஸ்எம்ஆர் என்று பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. சொல்லாமல் விற்பது தவறு. 2020இல் முன்னணி நிறுவனங்களே இப்படி விற்றது வெளிவந்து பெரிய சர்ச்சையானது.

எனவே அந்த வாசகருக்கு: ஒருமுறை எழுதி வைத்துவிட்டு அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் படங்களுக்கும் பேக்கப்புக்கும் அந்த மலிவு டிஸ்க்கே போதும். தினமும் வீடியோ எடிட் செய்பவராகவோ, ஒன்று பழுதானாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு போடுபவராகவோ இருந்தால் சிஎம்ஆருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். ரெய்டில் பழுதானதை மாற்றும்போது, மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீட்கும் தகவலைப் புது டிஸ்க் மணிக்கணக்கில் ஓய்வின்றி எழுத வேண்டியிருக்கும். எஸ்எம்ஆர் திணறுவது அங்கேதான். வாங்குமுன் நிறுவனம் வெளியிடும் அந்த மாடலின் விவரத்தாளை (டேட்டாஷீட்) திறந்து பதிவு முறை என்னவென்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள்.