பந்தை நிறுத்தாத புல்

2025 ஜூனில் அமெரிக்காவின் ஓக்மாண்டில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தபோது ஒரு வாசகர் கேட்டார்: "புல்தரைதானே, பந்து ஏன் மொசைக் தரையில் உருள்வதுபோல் ஓடுகிறது?"

குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்ற பகுதியில் புல்லை இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டி, மேலே உருளை ஓட்டி அமுக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம். எனக்குப் பிடித்தது அந்த ஓட்டத்தை அளக்கும் விதம். அதுவும் ஓக்மாண்டில் முளைத்த கதைதான்.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் இரும்புத் தொழிலில் சம்பாதித்த ஹென்றி ஃபவுன்ஸ் 1903இல் தொடங்கிய தனியார் கிளப் ஓக்மாண்ட். 18 குழிகள், நடுவே நெடுஞ்சாலை ஒன்று ஓடுகிறது. 1935இல் அங்கே நடந்த யு.எஸ். ஓப்பனில் வென்ற சாம் பார்க்ஸைத் தவிர ஒருவர்கூட நான்கு சுற்றுகளையும் பந்தை 300 முறைக்குள் அடித்து முடிக்கவில்லை. அந்தப் போட்டியில் புகழ்பெற்ற வீரர் ஜீன் சாரசென் தட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணல்குழிக்குள் போனதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரர் பார்த்தார். தரை மிதமிஞ்சி வேகமாக இருக்கிறது என்று பட்டது. சரி, அதை நிரூபிப்பது எப்படி?

மரத்தில் ஒரு நீளமான சட்டம் செய்தார். இன்றைய அலுமினிய ஸ்டிம்ப்மீட்டரும் அதே யோசனைதான்: மூன்றடி நீளம், 'வி' வடிவப் பள்ளம், மேல்முனைக்கு அருகே பந்து உட்கார ஒரு வெட்டு. சட்டத்தை மெல்லத் தூக்கிக்கொண்டே போனால், சுமார் 20 டிகிரி சாய்வில் பந்து தானாகவே வெட்டிலிருந்து விடுபடுகிறது. கை தள்ளுவதில்லை! விழும் உயரம் எப்போதும் ஒன்றே, சுமார் 26 சென்டிமீட்டர். உராய்வே இல்லாமல் வழுக்கி இறங்கினால் நொடிக்கு 2.26 மீட்டர் வேகம் கிடைத்திருக்கும். சுழல்வதற்கும் ஆற்றலில் ஒரு பங்கு போவதால், தரையைத் தொடும்போது சுமார் 1.83 மீட்டர்தான். அப்புறம் எத்தனை அடி ஓடுகிறதோ, அதுதான் அந்த கிரீனின் எண். ஒரு திசையில் மூன்று முறை, எதிர்த்திசையில் மூன்று முறை உருட்டிச் சராசரி எடுப்பார்கள். கருவி வாங்க நிதியில்லை என்று இயற்பியல் செய்முறை வகுப்பையே தள்ளிவிடும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்தைக் காட்ட ஆசை.

எண் 14 என்றால், சமதளத்தில் ஒவ்வொரு நொடியும் பந்தின் வேகம் நொடிக்கு 0.39 மீட்டர் அளவுக்குத்தான் குறைகிறது. கணக்குப் போட்டால், 100 அடிக்கு ஐந்தரை அடி இறக்கம் இருந்தாலே புவியீர்ப்பு அந்தத் தடையைச் சரிக்கட்டிவிடும். அங்கே கீழ்நோக்கித் தட்டிய பந்து நிற்காது. எண் 7 ஆக இருந்தால் இதற்கு 11 அடி இறக்கம் வேண்டும். ஆக, மேட்டில் ஒரு பிடி மண்கூட மாற்றாமல், புல்லை இன்னும் ஒட்ட வெட்டியே சாரசெனின் பந்தை மணலுக்கு அனுப்பலாம்.