மரத்தில் கட்டிய படகு

புயல் வந்தால் கரையை விட்டு விலகிப் போ என்பது மாலுமிகளின் பாலபாடம். சிலி நாட்டின் தென்கோடியில், பீகிள் கால்வாயில், அந்தப் பாடம் அப்படியே தலைகீழாகிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் பாய்மரப் படகில் வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஒரு சின்னக் குடாவைத் தேடி நுழைந்து, படகின் பின்பக்கத்தைக் காட்டோரமாக ஒட்டி நிறுத்தி, நான்கு கயிறுகளால் மரங்களோடு கட்டிவிடுகிறார்கள்.

காரணம் 'வில்லிவா' என்ற காற்று. தென்கடலின் மேலைக்காற்றுக்குக் குறுக்கே நிற்பது ஆண்டீஸ் மலையின் வால்நுனிதான். கால்வாயின் வடகரையில் டார்வின் மலைத்தொடர் 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கம் குப்புற விழுந்து, சுழன்று, துண்டுதுண்டாக நீரில் மோதும். மேலே கிடக்கும் பனியும் இதற்குத் துணைபோகிறது. கடல்மட்ட அழுத்தத்தில் 0 டிகிரிக் காற்று, 10 டிகிரிக் காற்றைவிடக் கனமீட்டருக்குச் சுமார் 45 கிராம் கனம் கூடியது. அற்ப வித்தியாசம்தான். ஆனால் ஒரு பனிவயல் முழுக்கக் குளிர்ந்து தேங்கிய காற்று, மடை திறந்த நீர்போலப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 20 நாட் காற்று (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) திடீரென 60 நாட் ஆனால், படகின் மேல் விழும் விசை ஒன்பது மடங்கு. 1896இல் சுமார் 11 மீட்டர்ப் படகில் தனியாளாக மகெல்லன் நீரிணையைக் கடந்த ஜோஷுவா ஸ்லோகம், பாயே விரிக்காத கப்பலையும் வில்லிவா பக்கவாட்டில் சாய்த்துவிடும் என்று எழுதினார்.

சரி, நங்கூரம் மட்டும் போதாதா? சங்கிலி தரையோடு படுத்து இழுத்தால்தான் நங்கூரம் பிடிக்கும். அதற்கு ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி விடவேண்டும். 20 மீட்டர் ஆழத்துக்கு 100 மீட்டர். அறுபது மீட்டர் அகலக் குடாவில் அந்தப் படகு சுற்றிவர இடம் எங்கே? போதாக்குறைக்கு, இவை பனியாறு குடைந்த பள்ளங்கள். அடித்தரை செங்குத்தாகச் சரியும். காற்று ஆழத்தை நோக்கித் தள்ளினால் நங்கூரம் சரிவில் வழுக்கிவிடும்.

மரத்தடியில் கதை வேறு. அடர்ந்த காடு தரையோரக் காற்றின் வேகத்தை உறிஞ்சிவிடுகிறது. அலை எழும்பவும் தூரமில்லை. எந்தக் குடா நல்லது என்பதையும் மரங்களே சொல்லும். 'தெற்கு பீச்' (southern beech) என்ற இங்குள்ள மரங்கள் நெட்டையாக நேரே வளர்ந்திருந்தால் அங்கே காற்று நுழைவதில்லை. கிளைகளெல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்டதுபோல் கிடந்தால், அடுத்த குடாவுக்குப் போவதே நல்லது. பாறைமேல் மெல்லிய மண், வேர் ஆழமில்லை. ஆகவே கயிற்றை அடிமரத்தில் தாழக் கட்டவேண்டும்.

நீரில் வழிகாட்டுவது கெல்ப் என்ற ராட்சதப் பாசி. பாறையைப் பற்றித்தான் வளரும் என்பதால், அது மிதக்கும் இடத்தில் அடியில் பாறை உண்டு. இலைகள் சாயும் திசை நீரோட்டத்தின் திசை. இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த யாகன் இனப் பெண்கள் மரப்பட்டை ஓடங்களை இந்தப் பாசியிலேயே கட்டிவிட்டு, உறைகுளிரில் கரைக்கு நீந்தினார்கள். அந்த அறிவை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

காலையில் கரைக்கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். காற்று வரும் பக்கத்துக் கயிறு கடைசியில். காற்று வரும் பக்கத்துக் கயிறு கடைசியில்.