லீவு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பிளவுஸ் தைப்பவர்கள், பேனர் வடிவமைப்பவர்கள், பாடசாலைக்கு நாடகம் எழுதும் ஆசிரியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. "ஒண்டும் புதுசா வருதில்ல மிஸ்" என்பார்கள். கூடவே, "நாலு நாள் லீவு போட்டு நுவரெலியா போய் வந்தா சரியாகும்" என்றும் சொல்வார்கள்.

போய் வரட்டும், நல்லதுதான். ஆனால் லீவும் காசும் சேரும்வரை அதே மேசை, அதே பாதை, அதே போன் என்று மாதக்கணக்கில் கிடக்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. தேவைப்படும் மாற்றம் அவ்வளவு பெரியதல்ல.

பழகிய வேலையை மூளை அதிகம் யோசிக்காமலே செய்து முடித்துவிடும். சமைக்கவும் சைக்கிள் ஓட்டவும் அது பேருதவி. புது யோசனை வேண்டிய இடத்திலோ, அதே பழக்கம் பழைய விடையையே திரும்பத் திரும்ப எடுத்து நீட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒபெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு சாதாரணப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டார்கள். உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. அப்படியானால் மலையும் பனியும் கட்டாயமில்லை, பின்னேரம் கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு நடை போதும். ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. கணக்கு வழக்குப் பார்க்க மேசைதான் சரி.

சும்மா சுற்றினாலும் ஒன்றும் வராது. முதலில் விஷயத்தோடு நன்றாக மல்லுக்கட்ட வேண்டும், அப்புறம்தான் எழுந்து போக வேண்டும். ஆங்கிலேய அறிஞர் கிரகாம் வாலஸ் 1926இலேயே இதைப் படிகளாகப் பிரித்து, ஆயத்தத்துக்கு அடுத்த படியை, அதாவது விஷயத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கும் படியை, அடைகாத்தல் என்றார்.

மணவறைச் சோடனை செய்யும் ஒரு தம்பி வந்தார் (ஆள் தெரியாதபடிதான் சொல்கிறேன்). இரவிரவாகப் போனில் மற்றவர்களின் சோடனைகளைப் பார்ப்பார். செய்வதெல்லாம் ஒரே அச்சாக வந்தது. போனில் வருவது உங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததன் மாதிரிதான், அதை ஓய்வு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை. கொஞ்ச நாள் அதை விட்டுவிட்டு, ஊரில் கூத்துப் பழகுவதைப் போய்ப் பாருங்கள் என்றேன். கூத்தாடும் வட்டமான களமான வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். ஆடுபவருக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அதைப் பார்த்தவருக்கு, மண்டபத்தில் பக்கவாட்டில் இருப்பவர்களுக்குத் தன் மணவறை எப்படித் தெரிகிறது என்ற கேள்வி வந்தது. அடுத்த சோடனையை அங்கிருந்து தொடங்கினார். முழுதாகச் சரிவரவில்லை என்றுதான் சொன்னார், ஆனாலும் அது அவருடைய சொந்தக் கேள்வி.

பெண்களிடம் பேசும்போது இந்த அறிவுரையை மாற்ற வேண்டியிருக்கிறது. வீட்டில் தைக்கும் ஒரு தாய்க்கு நாளாந்த ஒழுங்கு அவர் கையில் இல்லை. பிள்ளையின் ரியூஷன், மாமியாரின் மருந்து, உலை என்று பகல் போய்விடும். அவரிடம் "நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டு நான் இருந்துவிட முடியாது. அதனால் கணவரையும் கூப்பிட்டுப் பேசுகிறேன். பின்னேரம் அரை மணித்தியாலம் பிள்ளையை அவர் பார்த்தால் போதும். வீட்டில் மெஷினை வேறு யன்னலோரம் மாற்றச் சொல்வது, நூல் வாங்க நெசவு ஊரான மருதமுனைக்குப் போனால் தறியடியில் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்லாத் தேக்கமும் இப்படித் தீராது. பிடித்த வேலை மட்டுமல்ல, எதிலுமே விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது நடையை நம்பி இருக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.