டர்போவில் ஆயில் வருகிறதா? முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் எங்கள் பட்டறைக்குள் நுழையும்போதே தீர்ப்போடு வருகிறார்கள். "டர்போ போச்சுங்க, ஆயில் ஒழுகுது. புதுசு போட எவ்வளவு ஆகும்?" வேறு யாரோ, டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி, உள்ளே பளபளக்கும் ஆயிலைக் காட்டியிருப்பார்கள். அந்த ஹோஸில் லேசாக ஆயில் பூத்திருப்பது ஓடிய வண்டிகளில் சகஜம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வழிக்கு ப்ரீதர் என்று பெயர்; அந்த ஆவி இந்த ஹோஸ் வழியாகத்தான் மறுபடி உள்ளே போகிறது. ஹோஸைக் கவிழ்த்தால் ஆயில் கொட்டுகிறது என்றால் அது வேறு கதை. அப்போதும் முதல் குற்றவாளி டர்போ என்று முடிவு கட்ட நான் தயாரில்லை.

ஏன் என்று சொல்கிறேன். டர்போவுக்குள் மெல்லிய ஷாஃப்ட் ஒன்று, அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு சக்கரம். ஒன்று புகையின் வேகத்தில் சுற்றும், மற்றது காற்றை இன்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும், சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தொடும். இந்த வேகத்தில் ஷாஃப்டைத் தாங்குவது புஷ்ஷில் நிற்கும் ஆயில் படலம். ஆயில் பம்ப் மேலே இருக்கும் ஒரு சின்னக் குழாய் வழியே அழுத்தத்தோடு ஆயிலை அனுப்புகிறது. திரும்பும்போது அந்த அழுத்தம் கிடையாது. அடியில் இருக்கும் பெரிய குழாய் வழியாகத் தானாகவே சரிந்து சேம்பருக்கு, அதாவது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்க வேண்டும்.

முனைகளில் ரப்பர் சீல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான டர்போக்களில் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான சின்ன இரும்பு வளையம். உள்ளே ஆயில் தேங்கிவிட்டால் அதனால் தடுக்க முடியாது. இன்டர்கூலர் பக்கமாகவோ சைலன்சர் பக்கமாகவோ ஆயில் வெளியேறும், பின்னால் நீலப் புகை வரும். குளியலறைத் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கும்போது தண்ணீர் வரும் குழாயை மாற்றி என்ன பயன்? இங்கேயும் அதேதான்.

ஆயில் தேங்குவதற்கான காரணங்களை நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ஆயில் அளவு. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் யாரும் ஊற்றாமலேயே அளவு ஏறலாம். ஊருக்குள் மட்டும் குறுகிய தூரம் ஓட்டும்போது, புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நிற்கும்; அதற்காகச் செலுத்திய டீசல் ஆயிலில் கலந்துவிடும். "அளவு கூடத்தானே இருக்கு, நல்லதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் டர்போவுக்கு விஷம்.

அடுத்தது ப்ரீதர். அது அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து எரியும் வாயு கீழே கசிந்து பேக் கம்ப்ரஷன் அடித்தாலோ, சேம்பருக்குள் அழுத்தம் ஏறும். கீழிருந்து அழுத்தம் எதிர்த்து வரும்போது மேலிருந்து ஆயில் எப்படி இறங்கும்? வண்டியை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து லேசாக மேலே வைத்துப் பாருங்கள். மூடி துள்ளி, குபுகுபுவென்று புகை வந்தால் டர்போவை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பும் குழாய். ஒரு வண்டி புது டர்போ போட்ட பிறகும் அதே ஒழுக்கோடு எங்களிடம் வந்தது. கீழ்க் குழாயின் இரண்டு போல்டையும் கழற்றிப் பார்த்தால், பேக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு சிலிக்கான். முறுக்கிய வேகத்தில் உள்பக்கம் பிதுங்கி, புழு மாதிரி சுருண்டு துளையில் பாதியை அடைத்திருந்தது. நுனி ஏற்கெனவே பிய்ந்து போயிருந்தது. அந்தத் துண்டு எங்கே போயிருக்கும்? சேம்பரை இறக்கினோம், ஸ்ட்ரெயினர் வலையில் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து முறையான பேக்கிங் போட்டதும் ஒழுக்கு நின்றது. டர்போவில் கை வைக்கவே இல்லை. ஆயில் குழாய்களில் சிலிக்கான் பூசுபவரிடம் தயவுசெய்து வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் டர்போவைச் சோதிப்பது. இன்ஜின் ஆறிய பிறகு ஷாஃப்ட் நுனியை விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் கையில் தெரிகிற அளவு ஆடினாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஆயில், ஃபில்டர், மேல் குழாய், அதன் வாஷர்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலை வடித்தே தீர வேண்டும். அதை இன்ஜின் உறிஞ்ச ஆரம்பித்தால் டீசல் வண்டி சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். அப்படி ஆகிவிட்டால், மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமர்த்தப் பாருங்கள். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானெட்டைத் திறந்து கையை நீட்ட வேண்டாம்.

வெளிப்பக்க ஒழுக்கு தனி. தரையில் சொட்டும் இடத்துக்கும் ஒழுகும் இடத்துக்கும் பல நேரம் சம்பந்தம் இருக்காது. இன்ஜின் உச்சியில் மூடியாக இருக்கும் டேப்பெட் கவரில் கசிவது ஓடும்போது காற்றில் பின்னுக்குப் போய் கியர்பாக்ஸ் மேல் சொட்டும். இன்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்து, கொஞ்சம் ஓட்டி, மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். மேல் குழாயின் செப்பு வாஷர் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே புகை வெளியேறும் மேனிஃபோல்ட் தகித்துக்கொண்டிருக்கிறது, ஆயில் பட்டால் தீப்பிடிக்கலாம். எரிந்த வாடை வந்தால் ஓரம் கட்டிவிடுங்கள்.

"அப்பப்போ டாப் அப் பண்ணிக்கிறேன்" என்பவர்களுக்கு ஒன்று. டிப்ஸ்டிக்கின் இரு கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது டர்போ ஏற்கெனவே பட்டினி கிடந்திருக்கும். எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று பார்க்காமல் அங்கேயே அணையுங்கள்.

அப்புறம், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிறவர்கள் வழியில் டீக்கு நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொதிக்கும் டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், உள்ளே இருப்பது கருகிக் கரியாகி மேல் குழாயையே அடைக்கும். நாங்கள் கழற்றும் குழாய்களில் ஊசி நுழையாத அளவுக்கு அந்தக் கரி படிந்திருப்பதைப் பார்க்கிறோம்.