அடையாளம் தெரியாத சடலம்: டிஎன்ஏ சோதனைக்குக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

வேலூர்ப் பக்கம் பாலாற்றுப் படுகையிலோ ஏரிக்கரையிலோ காட்பாடி தண்டவாளத்திலோ கிடைக்கும் உடல் அழுகிப்போயிருந்தால் முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. அப்போது டிஎன்ஏ சோதனைதான் வழி. ஆனால் எலும்பைச் சோதித்த மாத்திரத்தில் பெயர் வந்துவிடாது. ஒப்பிட்டுப் பார்க்க ரத்த உறவு ஒருவரின் மாதிரி வேண்டும். வீட்டில் ஒருவர் காணாமல் போயும் புகார் கொடுக்காமல் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி உடல் கிடைத்தால், பெரும்பாலும் வி.ஏ.ஓ. கொடுக்கும் புகாரின் பேரில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-வது பிரிவில் (முன்பு சி.ஆர்.பி.சி. 174) வழக்குப் பதிவாகும். பிரேதப் பரிசோதனையின்போதே டாக்டர் கடைவாய்ப் பல்லையும் தொடை எலும்புத் துண்டையும் எடுத்துவைக்கலாம். தசை அழுகினாலும் பல்லின் கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் டிஎன்ஏ நெடுநாள் தாங்கும். அந்தப் பல்லையும் எலும்பையும் உடல் பாகங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போடக் கூடாது, டிஎன்ஏ சிதைந்துவிடும். முத்திரையிட்டு, நீதிமன்றக் கடிதத்துடன் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

குடும்பம் செய்ய வேண்டியது, முதலில் 'காணவில்லை' புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குவது. தண்டவாளத்தில் கிடைத்த உடல் இருப்புப்பாதை காவல் நிலையத்தின் வழக்கு. ஊர் ஸ்டேஷனில் இல்லை என்றார்கள் என்று திரும்பிவிடாமல் காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் இருப்புப்பாதை காவல் நிலையங்களிலும் கேளுங்கள். காணாமல் போனவரின் பச்சை குத்திய இடம், பழைய எலும்பு முறிவு, கட்டிய பல், சட்டைக் காலரில் உள்ள டெய்லர் கடைப் பெயர் எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள். எந்த உடலோடு ஒப்பிடலாம் என்று முடிவு செய்ய இவைதான் உதவும்.

பிறகு, டிஎன்ஏ ஒப்பீடு கேட்டு இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். ரத்தம் கொடுக்க அப்பா, அம்மா, பிள்ளைகள் வந்தால் நல்லது. அவர்கள் இல்லையென்றால் கூடப் பிறந்தவர்கள் வரலாம். கணவனோ மனைவியோ மட்டும் கொடுத்தால் பொருந்திப் பார்க்க முடியாது, ஆனால் பிள்ளையோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும். எலும்பு ரொம்பவும் சிதைந்திருந்தால் தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பார்கள். அதற்கு அம்மாவோ, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளோ, தாய்மாமனோ போதும்.

சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் வருகிறவர்கள் ஏராளம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளில் வடமாநிலத்தார் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் காணாமல் போனால், உடன் வேலை செய்கிறவர்கள் இங்கேயே புகார் கொடுக்கலாம், தயங்க வேண்டாம்.

உடலை அடக்கம் செய்துவிட்டார்கள் என்பதாலேயே வழி அடைத்துவிடாது. எடுத்துவைத்த மாதிரி இருந்தால் அதோடு ஒப்பிடலாம். இல்லையென்றால் தாசில்தார் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவில் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

டிஎன்ஏ பொருந்தினால், உடல் கிடைத்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போலீஸ் அறிக்கையைக் காட்டிப் பதிவில் பெயர் சேர்க்கக் கேளுங்கள். வாரிசுச் சான்று, இன்சூரன்ஸ், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்த இறப்புச் சான்றிதழ் தேவை. எந்தத் தடயமும் கிடைக்காதவர்கள், தகவலே இல்லாமல் 7 ஆண்டு ஆன பிறகு, சாட்சியச் சட்டப்படி இறந்ததாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போகலாம்.