மூலையில் யார் படம்?

காதுகுத்துக்கு ஒரு பேனர் அடிக்க வேண்டியிருந்தது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். உள்ளாட்சித் தேர்தல் நேரம், கடையில் கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி ஒரு வேட்பாளரின் முகத்தை மவுஸால் வெளுத்துக்கொண்டிருந்தார். கரை வேட்டிக்காரர் ஒருவர் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். வேட்பாளரும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் திரையில் இருந்தவருக்கும் அண்ணன் தம்பி ஜாடைதான் மிச்சம்.

இந்த வேலை நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பராக் ஒபாமா முதன்முறை போட்டியிட்ட 2008 அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஒரு ஆய்வு நடந்தது. அவருடைய படங்களில் தோல் நிறத்தைச் சிலவற்றில் கூட்டியும் சிலவற்றில் குறைத்தும் வைத்து, "இவர் உண்மையில் எப்படி என்பதை எந்தப் படம் சரியாகக் காட்டுகிறது?" என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அவரோடு அரசியலில் ஒத்துப்போனவர்கள் வெளுத்த படத்தின் பக்கம் சாய்ந்தார்கள். ஒத்துப்போகாதவர்கள் கறுத்த படத்தை எடுத்தார்கள். ஒரே மனிதர், கண்ணுக்குக் கண் நிறம் மாறிவிட்டார். 2009-இல் வெளியான ஆய்வு இது. அதே தேர்தலின் தொலைக்காட்சி விளம்பரங்களைப் பிற்பாடு அளந்து பார்த்த இன்னொரு குழு, அவரைத் தாக்கும் விளம்பரங்களில், அதிலும் குற்றத்தோடு அவரை முடிச்சுப் போட்டவற்றில், அவர் முகம் கூடுதலாகக் கறுத்திருந்ததைக் கண்டது.

இனம் என்று ஒன்று ரத்தத்தில் இருப்பதால்தான் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறதோ என்று தோன்றலாம். ரத்தத்தைப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் கணக்குப் போட்டபோது, மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்கு உள்ளேயே கிடந்தது. இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே மிஞ்சியது சொற்பம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டி வட்டாரத்தில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தபோது, எம்130 என்ற மரபுக் குறி சிலரிடம் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதர்களின் வழித்தடத்தைக் காட்டும் குறி அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது. "நம்ம ஆளுக" என்று உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் சொல்லும்போது யாரும் சிட்னி வரை கணக்கு வைப்பதில்லை.

அப்படியானால் மூளை எதைப் பிடித்துக்கொள்கிறது? எனக்குத் தெரிந்து இதற்கு அழகான பதில் தந்த சோதனை 2001-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. செய்தவர்கள் ராபர்ட் குர்ஸ்பன், ஜான் டூபி, லீடா காஸ்மிடிஸ். கூடைப்பந்து ஆடும் எட்டுப் பேரின் படங்கள். கறுப்பர்கள் நாலு, வெள்ளையர்கள் நாலு. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு அணிகளைச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்று கதை. இரண்டு அணியிலும் இரண்டு நிறத்தவரும் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வாக்கியத்தைச் சொன்னது யார்?" என்ற கேள்வி வரும். திடீரென்று கேட்டால் ஆளை மாற்றித்தான் சொல்வோம். சோதனையின் சூட்சுமமே அந்தத் தப்பில்தான் இருக்கிறது. ஒரு கறுப்பர் சொன்னதை இன்னொரு கறுப்பர் தலையில் கட்டுகிறோமா, இல்லை வெள்ளையர் தலையிலா? முதல் வகைத் தப்புதான் அதிகம் என்றால், நம்மை அறியாமலேயே மூளை ஆட்களை நிறவாரியாகக் கட்டு கட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்பார்த்தபடியே நிறவாரித் தப்புகள்தான் குவிந்தன. அப்புறம் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். அணிக்கு ஒரு நிறச் சட்டை மாட்டிவிட்டார்கள். தப்புகள் அப்படியே அணிவாரியாகத் திரும்பிவிட்டன. தோல் நிறத்தை வைத்துப் பிரிப்பது பெருமளவு மங்கிப்போனது, நாலு நிமிடம்கூட ஆகாமல். (ஆண், பெண் என்று பிரிப்பது மட்டும் மங்கவில்லை. அது தனிக் கதை.)

ஆக, மூளை கேட்கும் கேள்வி "இவன் யார் பக்கம்?" என்பதுதான். தோல் அதற்குக் கிடைக்கும் ஒரு துப்பு. அதைவிட நல்ல துப்பு கிடைத்தால் அதற்குத் தாவிவிடுகிறது. கரை வேட்டி கட்டி வருகிறவரைப் பார்த்ததும் அவர் முகத்துக்கு முன்னால் கரை கண்ணில் படுகிறதே, அதே வேலைதான்.

அமெரிக்காவில் துப்பு முகத்திலேயே இருக்கிறது. இங்கே சாதி முகத்தில் இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னாலிருந்தும் மெல்ல மெல்லப் போய்விட்டது. அதனால் துப்பை யாராவது கொண்டுவந்து தர வேண்டியிருக்கிறது. பிரச்சாரத்தின் பாதி வேலை இதுதான் என்பது என் எண்ணம். போஸ்டரின் மேல்மூலையில் எந்த மறைந்த தலைவரின் குட்டிப் படம், கீழே எந்த இரண்டு நிறம், "மண்ணின் மைந்தன்" என்றால் எந்த மண். படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு முழு ஜாதகம். சாதியின் பெயர் எங்கேயும் இருக்காது.

பெயர் சொல்லாமல் விடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸுக்கு எதிராக ஒரு விளம்பரம் ஓடியது. அவர் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸில் வில்லியம் ஹார்ட்டன் என்ற ஆயுள் கைதி வார இறுதி விடுப்பில் வெளியே போனவர், திரும்பாமல் வேறு மாநிலத்தில் கொடிய குற்றம் செய்திருந்தார். விளம்பரம் பேசியது குற்றத்தையும் விடுப்பையும் மட்டுமே. இனம் பற்றி மூச்சு இல்லை. ஹார்ட்டனின் முகம் மட்டும் திரையில் வந்து நின்றது. அவர் கறுப்பர். அரசியல் அறிஞர் டாலி மெண்டல்பெர்க் இதை ஆராய்ந்து சொன்னது: "இது இனவெறி" என்று கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாகக் குற்றம் சாட்டும் வரைதான் அந்த விளம்பரம் நன்றாக வேலை செய்தது. உடைத்துச் சொன்னதும், பார்ப்பவர் தன்னையே ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார், வேகம் குறைகிறது. இந்த முடிவோடு மல்லுக்கு நின்ற ஆய்வாளர்களும் உண்டு. சமீப ஆண்டு ஆய்வுகளில், வெளிப்படையாகச் சொன்னாலும் ஆதரவு குறைவதில்லை என்று தெரிகிறது. கூச்சம் போய்விட்டால் குறிப்பு எதற்கு?

நம் சட்டமும் உடைத்துச் சொல்வதைத்தான் பிடிக்கும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவில் மதம், இனம், சாதி, சமூகம், மொழி என்று ஐந்தில் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் முறைகேடு. வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அதில் சேரும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. மூலையில் இருக்கும் குட்டிப் படத்தை எந்தப் பிரிவில் போடுவது?

வேட்பாளரைக் குறை சொல்வதில்தான் இது இன்னும் நுணுக்கமாக ஓடுகிறது. எரிக் உல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். போலீஸ் தலைமைப் பதவிக்கு இரண்டு பேர். ஒருவர் தெரு அனுபவம் உள்ளவர், மற்றவர் படித்தவர். ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஆண் படித்தவராக இருந்தால், "இந்த வேலைக்குப் படிப்புதான் முக்கியம்" என்றார்கள். படிப்பைப் பெண்ணிடம் மாற்றிக் கொடுத்ததும் படிப்பின் மதிப்பு இறங்கிவிட்டது. ஆளை முதலில் எடுத்துவிட்டு அளவுகோலை அப்புறம் வெட்டுகிறோம். வெட்டுவது நமக்கே தெரியாது. என்ன தகுதி முக்கியம் என்று ஆட்களைப் பார்க்கும் முன்பே சொல்ல வைத்தபோது இந்தச் சாய்வு காணாமல் போனது.

உசிலம்பட்டி ரோட்டில் ஒரு டீக்கடையில் ஒரே பெஞ்சில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றி: "கையெழுத்துப் போடத் தெரியாதவன், இவன் என்னத்தக் கிழிப்பான்?" பத்து நிமிடம் கழித்து இன்னொருவரைப் பற்றி: "படிச்சவன் நமக்கெல்லாம் ஒத்து வரமாட்டான்ப்பா." சொன்னவர் ஒருவரேதான். அதே வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு என்று 1996-இல் ஒதுக்கப்பட்ட பிறகு, இந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் மனுவே வராது, மீறி ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். ஒழுங்காகத் தேர்தல் நடக்க 2006 ஆனது.

ஃபிளெக்ஸ் கடைத் தம்பி அதற்குள் மூன்று கோப்புகளைச் சேமித்துவிட்டார். வேட்பாளர் ஒருவரே, வாசகமும் ஒன்றே. மூலையில் மட்டும் வேறு வேறு படம். "இது மேலத் தெருவுக்கு, இது காலனிக்கு, இது மெயின் ரோட்டுக்கு. மெயின் ரோட்டுல மூலையே கிடையாதுண்ணே." பிறகு என் பக்கம் திரும்பி, காதுகுத்து பேனரில் தாத்தா படத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். சொன்னேன். தட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"மதுரைதான்."

"அது சரிண்ணே. மதுரையில எந்தப் பக்கம்?"