அந்த ஆவணப்படம் எங்கே கிடைக்கும்?

பிப்ரவரி வந்துவிட்டால் என் மேசைக்கு வரும் மாணவர்கள் எண்ணிக்கை கூடிவிடும். அமெரிக்காவில் அது கறுப்பின வரலாற்று மாதம். இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் படங்களுக்கான பிரிவைப் பதினைந்து வருடமாகக் கவனித்து வருகிறேன். சிறுபான்மையினரின் வரலாறு பற்றிய ஆவணப்படம் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்வார்கள். "நெட்ஃபிளிக்ஸில் தேடினேன், இல்லை. யூடியூபில் துண்டு துண்டாக இருக்கிறது. இதைப் பற்றி யாரும் படமே எடுக்கவில்லை போலிருக்கிறது."

எடுத்திருக்கிறார்கள். பல படங்கள் ஐம்பது வருடத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. கண்ணில் படாததற்குக் காரணம் வேறு.

'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்ற ஆவணப்படத் தொடருக்கு நடந்ததைச் சொன்னால் இது புரியும். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமா மாநிலத்தின் செல்மாவில் ஊர்வலம் போனவர்களில் ஹென்றி ஹாம்ப்டனும் ஒருவர். 1968இல் பாஸ்டனில் 'பிளாக்சைடு' என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி அங்கே உருவான இந்தத் தொடரின் முதல் ஆறு பகுதிகள் 1987இலும் அடுத்த எட்டுப் பகுதிகள் 1990இலும் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் வந்தன. எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையன் 1955இல் மிசிசிப்பியில் அடித்து, சுட்டுக் கொல்லப்பட்டான். சவப்பெட்டியை மூடக்கூடாது, என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார் அவன் அம்மா. முதல் பகுதியிலேயே அது வரும். போராடியவர்கள் மட்டும் பேசும் தொடரும் அல்ல இது. செல்மாவில் ஊர்வலக்காரர்களை அடித்து விரட்டிய ஷெரீஃப் ஜிம் கிளார்க்கையும் உட்கார வைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட தொடரை தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் ஒளிபரப்பவும் முடியவில்லை, புதிதாக விற்கவும் முடியவில்லை. அரசாங்கம் தடை போடவில்லை. அதில் வரும் பழைய செய்திப் படம், புகைப்படம், பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கையில் இருந்த பணத்துக்கு அந்த உரிமைகளைச் சில வருடங்களுக்கு மட்டும்தான் வாங்க முடிந்திருந்தது. கெடு முடிந்ததும் தொடர் முடங்கிவிட்டது. 1998இல் ஹாம்ப்டனும் இறந்துபோனார். ஃபோர்டு அறக்கட்டளை போன்றவர்கள் பணம் கொடுத்து உரிமைகளைப் புதுப்பித்த பிறகு 2006இல்தான் மறுபடி ஒளிபரப்பானது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொடரை உயிரோடு வைத்திருந்தவை நூலக அலமாரிகளில் இருந்த பழைய விஎச்எஸ் கேசட்டுகள்.

அதனால்தான் "இனிமேல் டிவிடி எதற்கு, எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே" என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் மல்லுக்கு நிற்கிறேன். ஒரு பருவத்தில் மூன்றாவது வாரம் வகுப்பில் காட்டிய படத்தை ஒன்பதாவது வாரம் மாணவர்கள் கட்டுரை எழுதுவதற்காகத் தேடினால் காணவில்லை. உரிமம் முடிந்துவிட்டது. ஸ்ட்ரீமிங்கில் நூலகம் வாங்குவது பெரும்பாலும் ஒரு வருடமோ மூன்று வருடமோ பார்ப்பதற்கான அனுமதி மட்டும்தான், படத்தை அல்ல. நல்ல படம் கையில் கிடைத்தால் அன்றைக்கே பார்த்து, குறிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அலமாரியிலேயே இருந்தும் கிடைக்காமல் போவதும் உண்டு. அங்கே தடுப்பது சொல். நூலகப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் பொருள் தலைப்பு என்று ஒன்று கொடுத்திருப்போம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த தலைப்புகள் அவை. பல தலைப்புகள் பழைய காலத்துச் சொற்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளை 'நேட்டிவ் அமெரிக்கன்' என்று இன்றைய மாணவர் தேடுவார். பட்டியலோ நெடுங்காலமாக 'இந்தியன்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' என்றே வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அதற்கு இருந்த தலைப்பு என்ன தெரியுமா? 'எவாக்யுவேஷன் அண்ட் ரீலொகேஷன்', அதாவது வெளியேற்றமும் இடமாற்றமும். வெள்ளம் வந்து ஜனங்களை மேட்டுக்கு மாற்றியது போல! பல வருடக் கோரிக்கைக்குப் பிறகுதான் அது மாறியது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பொருத்தமான படம் ஒன்றை எப்படியாவது பிடித்துவிடுங்கள். பட்டியலில் அதன் பக்கத்தைத் திறந்து, கீழே இருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். அதே தலைப்பில் இருக்கும் மற்ற படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

பெரிய தலைவரின் பெயரைப் போட்டுத் தேடும்போது அவர் பக்கத்தில் நின்றவர்கள் மறைந்துபோகிறார்கள். கலிஃபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் என்றால் தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் பெயர்தான் வரும். ஆனால் 1965 செப்டம்பர் 8 அன்று முதலில் வேலையை நிறுத்தியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். சாவேஸின் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஃபிலிப்பினோ முதியவர்களை 'மனோங்' என்பார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். வாலிபத்தில் அமெரிக்கா வந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் வெள்ளையரைக் கல்யாணம் செய்யக்கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1948 வரை இருந்தது. பலர் கடைசிவரை குடும்பமில்லாமல் தோட்டத்துக் குடியிருப்புகளிலேயே காலத்தைக் கழித்தார்கள்.

'மனோங்' என்று தேடினால் 'டெலானோ மனோங்ஸ்' என்ற 2014ஆம் ஆண்டுப் படம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் 'த ஃபால் ஆஃப் த ஐ-ஹோட்டல்' கிடைக்கும். இப்படிப்பட்ட முதியவர்கள் தங்கியிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ விடுதியை 1977 ஆகஸ்டில் காலி செய்ய போலீஸ் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றதைக் காட்டும் படம் அது. எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. 'சிவில் ரைட்ஸ் டாக்குமெண்டரி' என்று தேடி யாரும் இதைக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை. இடம், வருடம், சங்கத்தின் பெயர், அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட சொல், இவற்றைப் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், விநியோகஸ்தர்களையும் பாருங்கள். கறுப்பின வரலாற்றுக்கு கலிஃபோர்னியா நியூஸ்ரீல், ஆசிய வம்சாவளியினருக்குச் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் ஆசிய அமெரிக்க ஊடக மையம், பூர்வகுடிகளுக்கு நெப்ராஸ்காவின் விஷன் மேக்கர் மீடியா. சில சமயம் படச்சுருள் அமெரிக்காவிலேயே இருக்காது. ஸ்வீடன் தொலைக்காட்சிக்காரர்கள் 1967 முதல் 1975 வரை இங்கே வந்து எடுத்த காட்சிகள் பல வருடம் அவர்கள் நாட்டு நிலவறையில் கிடந்தன. சிறையிலிருந்த கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸின் பேட்டி உட்பட அவற்றைத் தொகுத்து வெளியானதுதான் 2011இன் 'த பிளாக் பவர் மிக்ஸ்டேப்'.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. ஊர்ப் பொது நூலகத்தின் அட்டையை வாங்கிவிடுங்கள். பல நூலகங்கள் 'கனோபி' என்ற தளத்தில் ஆவணப்படங்களை இலவசமாகப் பார்க்க விடுகின்றன. பிள்ளைகளோடு பார்க்க 'ஹூ கில்ட் வின்சென்ட் சின்?' படத்திலிருந்து தொடங்கலாம், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால். 1982இல் டெட்ராய்ட் பகுதியில், ஜப்பானியக் கார்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு சீன வம்சாவளி இளைஞரை அடித்தே கொன்றார்கள். கொன்றவர்களுக்குக் கிடைத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் ஆளுக்கு 3,000 டாலர் அபராதமும். கொன்றவரும் பேசுகிறார், இறந்தவரின் தாயும் பேசுகிறார். ஆசிய முகம் என்றால் எந்த நாடு என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பதை நம் பிள்ளைகள் இந்தப் படத்தில் பார்க்கலாம். தமிழ்ச் சங்க மண்டபத்தில் திரையிடுவதென்றால் மட்டும் வீட்டு டிவிடி போதாது. பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வேண்டும், விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் எனக்குக் கேள்விகள் வருகின்றன, அதிகமும் கருஞ்சிறுத்தைகளை, அதாவது 'பிளாக் பேந்தர்ஸ்' என்ற அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தைப் பற்றி. 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் அவர்கள் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது, ஆகவே அந்த ஆர்வம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பிபிஎஸ் தளத்தின் படங்கள் பலவும் இந்தியாவில் திறக்காது. ஆனால் காங்கிரஸ் நூலகமும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும் சேர்ந்து பதிவு செய்த உரிமைப் போராட்டக்காரர்களின் நீண்ட காணொளிப் பேட்டிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஹாம்ப்டன் எடுத்த பேட்டிகளின் எழுத்து வடிவத்தை செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போட்டிருக்கிறது. ரோசா பார்க்ஸ், ஜான் லூயிஸ் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தொடரில் இரண்டு நிமிடம் வந்தவர் அங்கே பக்கம் பக்கமாகப் பேசுகிறார்.